இதயத்தின் கதவுகள் – 14: வால்வில் உறைந்த இரத்தத்தைக் கரைத்த மருந்துகள்

செயற்கை வால்வின் வரலாறும் அதன் மேல் உறையும் இரத்தத்தின் வரலாறும் சேர்ந்தே தொடங்கின. தன் குழாய்களின் உட்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் இரத்தம் உறைய முற்படும். காயம் பட்ட இடத்தில் உயிரைக் காப்பது இந்தக் குணம்தான். ஆனால் உலோகத்தாலும் கரிமத்தாலும் செய்த வால்வு இதயத்துக்குள் அமர்ந்த பிறகு அதே குணம் உயிருக்கு ஆபத்தாகிறது. வால்வை மறைக்கும் உறைகட்டியை மருந்தால் கரைக்கும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. வேறு வழியே இல்லாத நோயாளிக்குக் கடைசி முயற்சியாக மட்டும் தரப்பட்ட அந்த மருந்து, சுமார் அரை நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்கு இணையான இடத்துக்கு வந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது புதிய மருந்து அல்ல. பழைய மருந்தை மெதுவாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான்.

உறைவோடு பிறந்த வால்வு

1952ஆம் ஆண்டு வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்னாகெல் தாம் வடிவமைத்த பந்து வால்வை ஒரு நோயாளியின் கீழிறங்கும் பெருந்தமனியில் பொருத்தினார். இதயத்துக்குள்ளேயே வால்வைப் பொருத்தும் காலம் 1960இல் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இளம் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரும், ஓய்வுபெற்ற பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் சேர்ந்து, இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள ஈரிதழ் வால்வுக்கு ஒரு மாற்றை உருவாக்கினார்கள். இயற்கை வால்வைப் போலவே இதழ்கள் கொண்ட வால்வுகளைத்தான் அவர்கள் முதலில் நாய்களில் சோதித்தார்கள். இதழ்களின் ஓரத்தில் தொடங்கிய உறைகட்டி சில நாட்களில் வால்வையே மூடியது; நாய்கள் இறந்தன. கூண்டுக்குள் உருளும் பந்து வடிவத்துக்கு அவர்கள் மாறியதற்கு இதுவே காரணம். அதாவது, பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் வால்வின் வடிவத்தைத் தீர்மானித்ததே இரத்த உறைவுதான்.

அடுத்தடுத்து வந்த வடிவங்களிலும் அதே கவலை இருந்தது. 1969இல் சாயும் தட்டு கொண்ட பியோர்க்–ஷைலி வால்வு வந்தது. 1977இல் மின்னசோட்டாவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட செயின்ட் ஜூட் வால்வில், பைரோலிட்டிக் கரிமத்தால் ஆன இரண்டு அரைவட்ட இதழ்கள் சிறிய கீல்களில் திறந்து மூடின. இந்தியாவில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல ஆண்டு உழைப்பில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் அதைத் தயாரித்து விற்ற டிடிகே நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

ஒவ்வொரு வடிவமும் முந்தையதைவிடக் குறைவாக உறைவை உண்டாக்கியது. எதுவும் உறைவை முற்றிலும் தடுக்கவில்லை. அதனால் உலோக வால்வு பொருத்தப்பட்ட ஒவ்வொருவரும் வார்ஃபரின் அல்லது அதே வகை மாத்திரை ஒன்றை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை அடிக்கடி பரிசோதித்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சாதாரண மனிதரிடம் ஏறக்குறைய 1 ஆக இருக்கும் இந்த எண், ஈரிதழ் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு 3ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது குறைந்தால் வால்வில் கட்டி உறையும். மிகவும் கூடினால் உடலுக்குள் இரத்தம் கசியும்.

வால்வு அடைபடும் விதம்

மாத்திரை விட்டுப்போவதும் ஐ.என்.ஆர். குறைவதும்தான் வால்வு அடைபடுவதற்கு முதன்மைக் காரணங்கள். வேறொரு அறுவைக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கலாம்; ஊரில் பரிசோதனை வசதி இல்லாதிருக்கலாம்; கருவுற்றதால் மருந்தை மாற்றியிருக்கலாம். இரத்த ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில் உறைவு எளிது. அதனால் பெருந்தமனி வால்வைவிட ஈரிதழ் வால்வு அதிகம் அடைபடும். இதயத்தின் வலப்பக்கம் உள்ள மூவிதழ் வால்வு எல்லாவற்றையும்விட அதிகம் அடைபடும்.

உறைகட்டி பெரும்பாலும் கீலை ஒட்டியே வளரத் தொடங்குகிறது. முதலில் ஓர் இதழின் அசைவு குறையும். பிறகு அது நின்றுவிடும். உலோக வால்வு உள்ளவரின் மார்பில், அருகில் இருப்பவருக்கே கேட்கும் 'டிக்' ஒலி மங்கும், சிலரிடம் மறைந்தே போகும். எக்ஸ்-ரே திரையில் பார்த்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூட வேண்டிய இரண்டு மெல்லிய கோடுகளில் ஒன்று அசையாமல் நிற்கும். அதற்குள் நோயாளிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு மூச்சுத்திணறலுக்கு முன்பே பக்கவாதம் வந்துவிடும். கட்டியிலிருந்து உடைந்த துண்டு மூளைக்குச் சென்றிருக்கும்.

1960களில் இதற்கு ஒரே வழி மீண்டும் மார்பைத் திறப்பது. முந்தைய அறுவையின் தழும்புகள் இதயத்தை மார்பெலும்போடு ஒட்ட வைத்திருக்கும். நோயாளியோ ஏற்கெனவே உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார். அந்த நிலையில் செய்யும் அவசர அறுவையில் பலர் இறந்தார்கள்.

கிருமியிலிருந்து கிடைத்த மருந்து

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பொருள் அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் டில்லெட் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஆராய்ந்துவந்தார். அந்தக் கிருமிகள் இரத்தத்தின் பிளாஸ்மாவில் கட்டிகட்டியாகச் சேர்ந்தன; உறைவுப் பொருள் நீங்கிய சீரத்தில் அப்படிச் சேரவில்லை. பிளாஸ்மாவில் உள்ள உறைவுப் பொருளான ஃபைப்ரினோஜனைக் கிருமி இழுத்துக்கொள்கிறது என்று அவர் ஊகித்தார். அப்படியானால் கிருமி கலந்த பிளாஸ்மா உறையக் கூடாது. சோதனைக் குழாய்களில் பிளாஸ்மாவை எடுத்து, சிலவற்றில் கிருமியைச் சேர்த்து, சுண்ணாம்புச் சத்தைக் கலந்தார். எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி உறைந்தன, ஊகம் பொய்த்தது. குழாய்களைக் கொட்டிவிடும் முன் அவற்றை மீண்டும் ஒருமுறை பார்த்தபோது, கிருமி சேர்த்த குழாய்களில் மட்டும் உறைந்தது மறுபடியும் நீர்மமாகியிருந்தது.

டில்லெட்டும் உடன் பணிபுரிந்த கார்னரும் இதை 1933இல் வெளியிட்டார்கள். கிருமி தானே உறைவைக் கரைப்பதில்லை என்பதும், மனித பிளாஸ்மாவில் உள்ள ஒரு பொருளின் துணை அதற்குத் தேவை என்பதும் 1941இல் மில்ஸ்டோனின் ஆய்வில் தெரிந்தன. 1940களின் நடுவில் கிறிஸ்டென்சன் இந்தப் புதிரை விடுவித்தார். இரத்தத்தில் பிளாஸ்மினோஜன் என்ற புரதம் செயலற்றுக் கிடக்கிறது. கிருமி சுரக்கும் பொருள் அதைத் தூண்டினால் அது பிளாஸ்மினாக மாறி, உறைகட்டியின் சட்டகமான ஃபைப்ரின் இழைகளை வெட்டுகிறது. தூண்டும் பொருளுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. நுரையீரல் உறையில் உறைந்து தங்கிய இரத்தத்தையும் சீழையும் அகற்ற டில்லெட்டும் சால் ஷெரியும் 1940களின் இறுதியில் இதை மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பின்னர் மாரடைப்பு நோயாளிகளுக்கும் இது தரப்பட்டது.

இதே வேலையைச் செய்யும் இன்னும் இரண்டு பொருட்கள் பின்னால் வந்தன. ஒன்று, மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்த யூரோகைனேஸ். மற்றொன்று, நம் இரத்தக் குழாய்களின் சுவரே சுரக்கும் திசு பிளாஸ்மினோஜன் தூண்டி, சுருக்கமாக டி.பி.ஏ. பெல்ஜியத்தின் லூவன் நகரில் தேசிரே கோலனும் அவர் குழுவினரும் புற்றுநோய்ச் செல்களின் வளர்ப்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஜெனென்டெக் நிறுவனம் மரபணு முறையில் இதைத் தயாரித்தது. 1987இல் அமெரிக்காவில் மாரடைப்புக்கு ஒப்புதல் பெற்ற ஆல்டிபிளேஸ் இதுதான். ஸ்ட்ரெப்டோகைனேஸ் விலை குறைவு. ஆனால் அது கிருமியின் பொருள் என்பதால் உடல் அதை எதிர்க்கும். காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் வரலாம். ஒருமுறை கொடுத்தபின் மாதக்கணக்கில் மீண்டும் கொடுக்க இயலாது. ஆல்டிபிளேஸ் மனிதப் பொருள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. விலை பல மடங்கு அதிகம்.

வலப்பக்கத்தில் முதல் வெற்றி

செயற்கை வால்வில் உறைந்த கட்டியை மருந்தால் கரைத்த முதல் வெற்றியை லுலுவாகாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1971இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். திடீரென அடைபட்ட மூவிதழ் வால்வை ஸ்ட்ரெப்டோகைனேஸ் திறந்தது. முதல் வெற்றி வலப்பக்கத்தில் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. வலப்பக்கக் கட்டி உடைந்தால் துண்டுகள் நுரையீரலுக்குச் செல்லும். சிறிய துண்டுகளை நுரையீரல் தாங்கிக்கொள்ளும். இடப்பக்கத்தில் உடையும் துண்டு பெருந்தமனி வழியே நேராக மூளைக்குப் போகலாம். இந்த அச்சம் இருந்தும், 1974இல் பிரான்சில் பாய் என்பவரின் குழு இடப்பக்க வால்வுகளிலும் இந்தச் சிகிச்சையைச் செய்ததை வெளியிட்டது.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் சிறிய தொகுப்புகளும் வந்துகொண்டிருந்தன. மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தொகுப்பிலும் சிலருக்குப் பக்கவாதம், சிலருக்கு மூளையில் இரத்தக் கசிவு. அறுவைக்குத் தகுதியற்றவருக்கும் சாகும் தறுவாயில் இருப்பவருக்கும் மட்டுமே இது என்ற எண்ணம் நிலைத்தது. 1997இல் புடாபெஸ்டின் மரியா லெங்யெல் முன்னின்று எழுதிய கருத்தொருமை அறிக்கை, இடப்பக்க வால்வுகளுக்கும் இந்தச் சிகிச்சையில் உரிய இடம் உண்டு என்று வாதிட்டது.

கட்டியைக் கண்ணால் பார்த்தல்

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பரவிய உணவுக்குழாய் வழி எக்கோ பரிசோதனை இந்த விவாதத்தைத் தெளிவாக்கியது. மார்பின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும்போது உலோகத்தின் நிழல் கட்டியை மறைத்துவிடும். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டிச் செல்வதால், அதற்குள் இறக்கிய கருவி ஈரிதழ் வால்வின் மேல் உள்ள கட்டியை நேராகக் காட்டும். மருந்து ஏறிய பிறகு கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதையும் அளக்க முடிந்தது.

2004இல் வெளியான புரோ-டீ பதிவேடு 6 நாடுகளின் 14 மருத்துவமனைகளில் கரைக்கும் மருந்து பெற்ற 107 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தது. கட்டியின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ சிக்கல்கள் கணிசமாகக் கூடுகின்றன என்று அது காட்டியது. யாருக்கு மருந்து கொடுக்கலாம் என்று முடிவெடுக்க மருத்துவர்களுக்கு முதன்முறையாக ஓர் அளவுகோல் கிடைத்தது.

அடைப்பு எல்லாமே உறைகட்டி அல்ல. வால்வின் தையல் வளையத்திலிருந்து உடலின் சொந்த நார்த்திசு மெல்ல வளர்ந்து இதழைத் தடுப்பதும் உண்டு. பன்னஸ் எனப்படும் இது பல ஆண்டுகளில் வளரும், எந்த மருந்துக்கும் கரையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உறைகட்டியோ பெரும்பாலும் சில நாட்களில் அறிகுறி காட்டும்; அப்போது ஐ.என்.ஆர். குறைந்திருக்கும். பின்னாளில் சி.டி. ஸ்கேனில் பொருளின் அடர்த்தியை அளந்து இரண்டையும் பிரிக்கும் முறையும் வந்தது. அடர்த்தி குறைந்த புதிய கட்டி எளிதில் கரையும். அடர்த்தி மிகுந்தது நார்த்திசுவாக இருக்கும்.

பிரான்சின் போர்தோ நகரில் ரேமோன் ருதோவின் குழு ஒரே மருத்துவமனையில் மருந்து கொடுத்த 127 நிகழ்வுகளை 2003இல் வெளியிட்டது. சுமார் 71 விழுக்காட்டில் வால்வு முழுமையாகத் திறந்தது; 15 விழுக்காட்டில் துண்டுகள் உடைந்து வேறு உறுப்புகளுக்குச் சென்றன. அதே குழு 2009இல் அறுவையோடு ஒப்பிட்டபோது இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அறுவையில் 89 விழுக்காடு வெற்றி. துண்டு உடைந்து செல்வது மிக அரிது. அறுவையே முதல் தேர்வு என்ற ஐரோப்பிய நிலைப்பாட்டுக்கு இந்த எண்கள் வலுச் சேர்த்தன.

டெல்லியின் கேள்வி

அறுவை அரங்கு எந்நேரமும் தயாராக இருக்கும் நாட்டின் முடிவு எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது. இந்தியாவில் வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் முதுமை அல்ல, ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் வரும் தொண்டைப் புண்ணின் பின்விளைவாக ஈரிதழ் வால்வு கெட்டு, இருபது முப்பது வயதிலேயே செயற்கை வால்வு பொருத்தப்படுகிறது. அவர்களில் பலர் பெண்கள், ஏழைகள், பரிசோதனைக் கூடம் இல்லாத ஊர்களில் வாழ்பவர்கள். வால்வு அடைபட்டு வருபவருக்கு உடனே மறு அறுவை செய்ய எல்லா ஊர்களிலும் வசதி இல்லை. அத்தகைய இடங்களில் ஸ்ட்ரெப்டோகைனேஸே முதல் சிகிச்சையானது. ஆச்சரியம் என்னவென்றால், அதை எவ்வளவு வேகத்தில் கொடுக்க வேண்டும் என்பதை அதுவரை யாரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஜி. கார்த்திகேயனும் உடன் பணிபுரிந்தவர்களும் 120 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 15 லட்சம் யூனிட் வேகமாக ஏற்றப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு வழக்கப்படி 2.5 லட்சம் யூனிட்டில் தொடங்கினார்கள். அதன் பிறகு இரு பிரிவுக்கும் மணிக்கு 1 லட்சம் யூனிட். 2009இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த முடிவின்படி, வேகமாகக் கொடுத்ததால் உறுதியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இரு பிரிவையும் சேர்த்து முழுப் பலன் பெற்றவர்கள் 59 விழுக்காடு மட்டுமே. மூச்சுத்திணறல் முற்றிய நிலையில் வந்தவர்களில் அது 24 விழுக்காடாகக் குறைந்தது. மருந்தின் திறனைப் பழைய தொகுப்புகள் மிகைப்படுத்தியிருக்கலாம் என்பதை இந்த ஆய்வு நேர்மையாக எடுத்துச் சொன்னது. வேகத்தைக் கூட்டுவது தீர்வல்ல என்பதும் புலப்பட்டது.

இஸ்தான்புல்லின் விடை

எதிர்த் திசையில் சென்று பார்த்தவர் துருக்கியின் மெஹ்மெட் ஓஸ்கான். இஸ்தான்புல்லின் கோஷுயோலு மருத்துவமனையில் 1993 முதல் 2009 வரை 182 நோயாளிகளுக்கு 220 முறை கொடுத்த சிகிச்சையை அவர் குழு ஒரே ஆய்வாகத் தொகுத்தது. அந்த ஆண்டுகளில் மருத்துவமனையின் முறை ஐந்து கட்டங்களாக மாறியிருந்தது: வேகமான ஸ்ட்ரெப்டோகைனேஸ், மெதுவான ஸ்ட்ரெப்டோகைனேஸ், 100 மில்லிகிராம் டி.பி.ஏ., அதில் பாதியான 50 மில்லிகிராம், கடைசியாக 25 மில்லிகிராமை 6 மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவது. கடைசி முறையில் முதல் ஊசியாகப் பெருமளவு மருந்து தருவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எக்கோவில் பார்த்து, கட்டி மீதமிருந்தால் மறுபடியும் 25 மில்லிகிராம். மொத்தம் 150 மில்லிகிராம் வரை. ட்ரோயா என்ற பெயரில் 2013இல் வெளியான இந்த ஆய்வில், வால்வைத் திறப்பதில் ஐந்து முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கல்களில்தான் வேறுபாடு தெரிந்தது: மெதுவான சிற்றளவு முறையில் அவை எல்லாவற்றிலும் குறைவாக, 10.5 விழுக்காடாக இருந்தன.

இதற்கு மருத்துவர்கள் தரும் விளக்கம் எளிது. வெள்ளம் அடித்தால் கரை துண்டு துண்டாகப் பெயரும். தூறல் விழுந்தால் மண் மேலாகக் கரைந்து ஓடும். பெருமளவு மருந்து கட்டியைப் பெயர்க்கிறது. சிற்றளவு அதன் மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இரத்தத்தில் சுற்றும் ஃபைப்ரினோஜனும் ஒரேயடியாகத் தீர்ந்துபோவதில்லை என்பதால் இரத்தக் கசிவும் குறைகிறது.

ஓஸ்கான் வேகத்தை இன்னும் குறைத்தார். 25 மில்லிகிராமை 25 மணி நேரத்தில், அதாவது மணிக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் ஏற்றும் முறையை 114 நோயாளிகளில் சோதித்த புரோமெட்டீ ஆய்வு 2015இல் வந்தது. 90 விழுக்காடு வெற்றி, சிக்கல்கள் 6.7 விழுக்காடு. கருவுற்றிருந்த 24 பெண்களுக்கு ஏற்பட்ட 28 அடைப்புகளில் மெதுவான முறையைக் கையாண்டதை இந்தக் குழு 2013இல் வெளியிட்டிருந்தது; தாய்மார்களில் ஒருவரும் இறக்கவில்லை. கர்ப்ப காலத்து இதய அறுவை தாய்க்கும் சிசுவுக்கும் எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவின் பெறுமதி புரியும்.

2022இல் வந்த ஹட்டுஷா ஆய்வு மெதுவான மருந்து முறையை அறுவையோடு நேரடியாக ஒப்பிட்டது. மருந்து பெற்ற 83 பேரில் மூன்று மாதத்துக்குள் 2.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். அறுவை செய்த 75 பேரில் 18.7 விழுக்காட்டினர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காததால் இரு பிரிவினரும் முற்றிலும் ஒரே நிலையில் இருந்தவர்கள் என்று கொள்ள முடியாது. ஆனாலும் 'முடியாதவருக்கு மட்டும் மருந்து' என்ற பழைய கருத்துக்கு இனி இடமில்லை என்பதை இந்த எண்கள் காட்டின.

இன்றைய நிலை

அமெரிக்க இதய அமைப்புகளின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி, இடப்பக்க வால்வு அடைபட்டு மூச்சுத்திணறல் முற்றிய நோயாளிக்கு அவசர அறுவையையே பரிந்துரைத்தது. 2017இல் அது திருத்தப்பட்டது. மெதுவான சிற்றளவு மருந்து அல்லது அவசர அறுவை, இரண்டில் எதையும் முதல் சிகிச்சையாகத் தொடங்கலாம் என்று திருத்தம் கூறியது. 2021ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டி அறுவைக்கே முன்னுரிமை தந்தது. அறுவை கிடைக்காத இடத்திலும், அறுவை மிக ஆபத்தான நோயாளியிடத்திலும், வலப்பக்க வால்விலும் மருந்தை ஏற்றுக்கொண்டது.

முடிவெடுக்கும்போது மருத்துவர் எடைபோடுபவை சில. அண்மையில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவருக்கும், உடலில் வேறெங்காவது இரத்தப்போக்கு உள்ளவருக்கும் மருந்து கூடாது. இதயத்தின் இட மேலறையில் பெரிய கட்டி இருந்தாலும், அடைப்பு நார்த்திசுவால் ஆனதாகத் தெரிந்தாலும் அறுவையே ஏற்றது. கட்டி புதியதும் சிறியதுமாக இருந்து, நோயாளி முதல்முறையாக அடைப்போடு வந்து, மறு அறுவை ஆபத்தாக இருந்தால் மருந்து முன்னுக்கு வரும். மருந்து ஏறும் நேரமெல்லாம் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். எக்கோவும் எக்ஸ்-ரே திரையும் இதழ்களின் அசைவைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும். வால்வு திறந்ததும் உறைவைத் தடுக்கும் ஊசி மருந்தான ஹெப்பாரின் தொடங்கி, மீண்டும் வார்ஃபரினுக்குக் கொண்டுவந்து, ஐ.என்.ஆர். அளவை முன்பைவிடச் சற்று உயர்வாக வைப்பது வழக்கம்.

வார்ஃபரினுக்குப் பதில் அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் சோதித்துப் பார்த்தார்கள். உலோக வால்வு நோயாளிகளில் டபிகாட்ரானைச் சோதித்த ரீ-அலைன் ஆய்வில் உறைவும் கசிவும் இரண்டுமே கூடின. அதை இடையிலேயே நிறுத்தினார்கள். இன்னொரு புதிய மாத்திரையான அபிக்சபானை ஆன்-எக்ஸ் என்ற வகை வால்வு உள்ளவர்களில் சோதித்த ஆய்வும் உறைவு கூடியதால் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. ஆகவே உலோக வால்வுக்கு இன்றும் வார்ஃபரின் வகை மாத்திரையே துணை. கரைக்கும் மருந்தின் தேவை குறைய வேண்டுமானால், அந்த மாத்திரையும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வாழும் ஊரிலேயே கிடைக்க வேண்டும்.